இரண்டு கடல், ஒரு புயல்

புயல் கடந்த மறுநாள் குருநகர் இறங்குதுறையில் கடல் செம்பழுப்பாகக் கிடக்கும். முழங்கை மட்டும் கையை விட்டால் விரல் தெரியாது. கரை நெடுகச் சாதாளை குவியல் குவியலாக ஒதுங்கியிருக்கும். அதே நாள் வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிக் கரைக்குப் போனால், அலை உடைகிற பகுதி மட்டும்தான் கலங்கல். வெளியே கடல் தன் கருநீலத்தை விட்டுக்கொடுத்திருக்காது. இரண்டு கரைக்கும் நடுவே நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அடித்த காற்றும் ஒன்றுதான், பெய்த மழையும் ஒன்றுதான். வேறாக இருப்பது அடியில் உள்ள ஆழம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கேயும் வடமேற்கேயும் பாக்குநீரிணை, கிழக்கே வங்காள விரிகுடா. பாக்குநீரிணையில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 10 மீற்றரை ஒட்டியதுதான். வளர்ந்த பனை ஒன்றை அடியில் நட்டு வைத்தால் வட்டு முழுவதும் தண்ணீருக்கு மேலே நிற்கும். கிழக்கே பேதுரு கடலடி மேடையைத் தாண்டியதும் தரை சரிந்து, 3,000 மீற்றருக்கும் கீழே போய்விடுகிறது. புயல் இந்த இரண்டு கடலுக்கும் உணவு கொடுக்கிறது. மேற்கே கொடுத்தது சில நாட்களில் திரும்பக் கைக்கு வரும். கிழக்கே கொடுத்ததில் ஒரு பங்கு கீழே போனால், நாமும் நம் பேரர்களும் இருக்கும் காலத்துக்குள் மேலே வராது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

புயல் என்றதும் நமக்கு நினைவு வருவது உயிரிழப்பும் கூரையிழப்பும். அது அப்படித்தான் இருக்க முடியும். 1964 டிசம்பர் 22ஆம் திகதி வவுனியா வழியாகத் தீவைக் கடந்து பாக்குநீரிணைக்குள் இறங்கிய புயல், அன்றிரவே தனுஷ்கோடியைப் பாம்பன் தொடருந்தோடு சேர்த்து அழித்தது. 2008 நவம்பரில் வந்த ‘நிஷா’ போரின் நடுவே வந்தது. வன்னியில் தரப்பாள் கொட்டில்களில் இருந்த மக்கள் மேல் அந்த மழை கொட்டியது. யாழ்ப்பாணத்தில் 25ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் பெய்தது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் போய், இராமநாதபுரத்துக்கு அருகே நகராமல் நின்றது. 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய ‘டிட்வா’ தீவின் நிலப்பரப்பின் மேலேயே வடக்கு நோக்கி ஊர்ந்து, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

இந்தப் பட்டியலை இழப்பின் அளவால் அல்லாமல் கடலுக்குச் செய்த வேலையால் பிரித்துப் பார்க்கலாம். விரைந்து கடந்த புயல், நின்று சுழன்ற புயல், கடலில் சுழலாமல் நிலத்தின் மேல் மழையாகக் கொட்டிய புயல் என்று மூன்று வகை வரும். மூன்றும் கடலுக்குள் மூன்று விதமாக வேலை செய்கின்றன.

முதலில் கிழக்குக் கடலைப் பார்ப்போம். வாடைக்காற்று தொடங்கும் மாதங்களில் அங்கே மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக, தெளிவாக, ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். கடலின் உணவுச் சங்கிலி முழுவதும் பிளாந்தனில் தொடங்குகிறது. நீரோடு அலைகின்ற, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இவை. தாவரப் பிளாந்தன் ஒளியை உண்டு வளரும், விலங்குப் பிளாந்தன் அதைத் தின்னும், சூடையும் சாளையும் இரண்டையும் வடித்துத் தின்னும். தாவரப் பிளாந்தனுக்கு வேண்டியவை இரண்டு. ஒளி மேலே இருக்கிறது. நைத்திரேற்று, பொசுபேற்று போன்ற உரங்கள் கீழே இருக்கின்றன. செத்துக் கீழே விழுந்தவை எல்லாம் அங்கே அழுகி உரமாகிக் கிடப்பதால் இந்த ஏற்பாடு. ஒளியும் உரமும் ஒரே இடத்தில் சந்தித்தால் கடல் பச்சையாகும். சந்திக்காவிட்டால் நீலமாகவே இருக்கும். கடலின் அழகான நீலம் உண்மையில் பசியின் நிறம்.

வங்காள விரிகுடாவில் இந்தச் சந்திப்பு நடப்பது மற்றக் கடல்களைவிடக் கடினம். கங்கையும் பிரமபுத்திராவும் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கன கிலோமீற்றர் நன்னீரை இதற்குள் கொட்டுகின்றன. ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் அதற்கு மேலதிகம். நன்னீர் இலேசானது, உவர்நீரின் மேல் படர்ந்து மிதக்கும். மழைக்காலம் முடிந்ததும் இந்த இலேசான நீர் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடிவந்து நம் கிழக்குக் கரையையும் கடந்து போகிறது. வங்காளத்தில் பெய்த மழை மார்கழியில் முல்லைத்தீவுக் கடலின் மேல் படலமாகக் கிடக்கிறது. அதன் கீழே பல பத்து மீற்றர் ஆழத்தில் உரம் நிறைந்த குளிர்ந்த நீர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அடர்த்தி வேறுபாட்டை அன்றாடக் காற்றால் உடைக்க முடியாது. வடக்கு விரிகுடாவில் சில புயல்களாலேயே முடிவதில்லை. மழைக்காலத்துக்குப் பின் அங்கே புயல் கடந்த பிறகும் மேல் நீர் குளிரவில்லை என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தடித்த நன்னீர்ப் படலம் புயலின் கலக்கலையே தடுத்துவிட்டது.

தெற்கே வர வர அந்தப் படலம் மெலிந்து உப்பு கூடுகிறது. அதனால் விரிகுடாவின் தென்மேற்கு மூலைக்கு, அதாவது நம் மூலைக்கு, ஒரு தனித் தன்மை உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி. என். விநயச்சந்திரனும் உடனாய்வாளரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடலின் நிறத்தை அளக்கும் செய்மதிகளின் படங்களை வைத்து, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் விரிகுடாவின் தென்மேற்கில் தாவரப் பிளாந்தன் பெருகுவதை அவர்கள் காட்டினார்கள். வறுமையான கடல் என்று பெயரெடுத்த விரிகுடாவில், வாடை மாதங்களில், நம் வாசலுக்கு வெளியே ஒரு பச்சைத் திட்டு. புயல் வந்த காலங்களில் அது இன்னும் தீவிரமாகியிருந்தது.

புயல் இதை எப்படிச் செய்கிறது? இரண்டு வழிகளில். ஒன்று கலக்கல்: காற்று மேல் நீரை இழுக்க, மேல் நீர் கீழ் நீரின் மேல் வழுக்கிச் சுழிகளை உண்டாக்கி அடுக்குகளை உடைக்கிறது. இரண்டாவது உறிஞ்சல். நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். பூமியின் சுழற்சியால் காற்று தள்ளும் நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகும். ஆகவே புயலின் மையத்தைச் சுற்றிலும் நீர் வெளியே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் மேலே வருகிறது.

எவ்வளவு மேலே வரும்? புரெவி அளவுப் புயலை எடுத்துக்கொள்வோம்: மணிக்கு 80 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட காற்று, அது 100 கிலோமீற்றர் தூரத்துக்குள் தணிகிறது. குடாநாட்டின் அகலக்கோட்டுக்கு இதைக் கணக்கிட்டால் கீழ் நீர் ஒரு நாளில் 30 மீற்றருக்கு மேல் உயரலாம் என்று வருகிறது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் பூமிச் சுழற்சியின் பிடி இங்கே தளர்ந்தது. அதனால் ஒரே காற்றுக்கு நம் கடலில் ஏற்றம் கூட. ஆனால் அதே காரணத்தால் கடல் மசிவதற்கும் நேரம் எடுக்கும். ஒரு தள்ளுக்குப் பிறகு நீர் தானாக ஒரு வட்டம் சுற்றிவர நம் அகலக்கோட்டில் 71 மணித்தியாலம், ஏறத்தாழ மூன்று நாள். புயல் சில மணித்தியாலங்களில் ஓடிக் கடந்துவிட்டால் உறிஞ்சல் தொடங்கும் முன்னரே காற்று போய்விடும். எனவே பிளாந்தனைப் பொறுத்தவரை புயலின் காற்று வேகத்தைவிட அது நிற்கும் நேரமே பெரிது.

இதற்கு உலகம் அறிந்த சான்று தென்சீனக் கடலில் கிடைத்தது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் ‘காய்-தாக்’ என்ற புயல் அங்கே மூன்று நாள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. பெரும் புயல்களின் வரிசையில் வைக்கத்தக்கதல்ல அது. ஆனால் மேல் நீரின் வெப்பநிலை 9 பாகை செல்சியஸ் வரை விழுந்தது. பச்சையத்தின் அளவு ஏறத்தாழ 30 மடங்கு கூடியது. தென்சீனக் கடலில் ஓர் ஆண்டு முழுவதும் ஆழத்து உரத்தால் நடக்கும் புது விளைச்சலில் 2 முதல் 4 விழுக்காட்டை அந்த ஒரே புயல் தந்துவிட்டதாகத் தாய்வான் ஆய்வாளர் ஐ-ஐ லின்னின் குழு கணித்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் நின்று பெய்த புரெவிதான் எனக்கு நினைவில் வரும்.

புயலின் பாதைக்கு வலப்பக்கம் இன்னொரு காரணத்தாலும் முக்கியம். அங்கே ஒரு புள்ளியில் நின்றால் காற்றின் திசை வலஞ்சுழியாகத் திரும்பிக்கொண்டே போகும். கடல்நீரும் இயல்பாக அதே திசையில்தான் வட்டமிடும். இரண்டும் ஒத்துப்போவதால் நீரோட்டம் வலுத்து, கலக்கல் வலப்பக்கமே அதிகமாகும். முல்லைத்தீவையோ திருகோணமலையையோ தொட்டு மேற்கே போகும் எந்தப் புயலுக்கும் குடாநாடு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

செய்மதிப் படம் காட்டும் பச்சையை அப்படியே நம்பிவிடக் கூடாது. புயல் நாட்களில் முகில் மூடியிருப்பதால் செய்மதிக்குக் கடலே தெரியாது. முகில் விலகிய பிறகு தெரியும் பச்சையில் ஒரு பங்கு புதிதாக வளர்ந்ததல்ல. தெளிந்த கடலில் தாவரப் பிளாந்தன் மேற்பரப்பில் அல்லாமல், மங்கிய ஒளியும் கொஞ்சம் உரமும் சந்திக்கும் இடைநிலை ஆழத்தில்தான் அடர்ந்திருக்கும். புயல் அந்த அடுக்கைக் கலக்கி மேலே கொண்டுவந்தால் மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் திடீரென்று பச்சையாகும். 2014 ஒக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ‘ஹுட்ஹுட்’ புயலின் போது, விரிகுடாவில் மூழ்கி எழும் ஒரு தானியங்கி மிதவை பச்சையத்தை ஆழம் ஆழமாக அளந்துகொண்டிருந்தது. கலங்கி மேலே வந்த பழையதையும் உரம் பெற்று வளர்ந்த புதியதையும் பிரித்தறிய இத்தகைய மிதவைகள்தான் வழி. புதிய வளர்ச்சி தெரிய சில நாட்களாகும். பச்சை இரண்டு மூன்று வாரம் நிற்கும். பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் என்னை இந்த அத்தியாயம் எழுத வைத்த கேள்வி.

ஒரு கண்ணாடிப் போத்தலை எடுங்கள். புயலுக்குப் பிந்திய கடல்நீரேரித் தண்ணீரை அதில் அள்ளி, குலுக்கி, மேசையில் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து செக்கனில் மணல் அடியில் படியும். பதினைந்து இருபது நிமிடத்தில் வண்டல் ஒரு மெல்லிய சாம்பல் கோடாக அதன் மேல் படியும். அதற்கு மேலே நீர் இன்னும் மங்கலாகவே இருக்கும். அதில் மிதப்பது களி. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள களித்துகள் தனியாக விழுந்தால் 10 சென்ரிமீற்றர் இறங்க ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். துகளின் குறுக்களவு பத்து மடங்கு சுருங்கினால் விழும் வேகம் நூறு மடங்கு குறையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அந்தக் கணக்கை முல்லைத்தீவுக்குக் கிழக்கே கொண்டுபோனால், தனித்த களித்துகள் ஒன்று 3,000 மீற்றர் இறங்க 90 ஆண்டுக்கு மேல் வேண்டும். தனித்த தயற்றம் ஒன்று, அதாவது சிலிக்கா ஓடு போர்த்த தாவரப் பிளாந்தன், நாளுக்கு ஒரு மீற்றர் இறங்கினால் எட்டு ஆண்டுக்கு மேல். அதற்குள் பற்றீரியாக்கள் அதைத் தின்று முடித்துவிடும். இந்தக் கணக்குப்படி ஆழ்கடல் தரையில் உணவே இருக்கக் கூடாது. ஆனால் அங்கே புழுக்களும் அட்டைகளும் வாழ்கின்றன.

விடை அதே போத்தலில் இருக்கிறது. சில மணித்தியாலங்கள் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், மங்கலான நீருக்குள் சின்னச் சின்னத் திரள்கள் தொங்குவது தெரியும். உவர்நீரில் களித்துகள்களின் மின்னேற்றம் அடங்கிவிடுவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடலில் இதற்குப் பசையும் உண்டு. தாவரப் பிளாந்தன் வளர்ந்து முடியும் கட்டத்தில் சர்க்கரை வகைப் பிசினை வெளியிடுகிறது. அந்தப் பிசினில் செத்த கலங்களும் களியும் பற்றீரியாக்களும் சிக்கி, மில்லிமீற்றர் அளவில் வெண்மையான பிசிறுகளாகத் திரண்டு இறங்குகின்றன. கடற்பனி என்று அழைக்கப்படும் இவை நாளொன்றுக்கு 50 முதல் 200 மீற்றர் வரை இறங்கும். விலங்குப் பிளாந்தனின் எச்ச உருண்டைகளும் இதே போல விரைந்து விழும். தனியாக எட்டு ஆண்டு எடுத்திருக்கும் பயணம், கூட்டாகப் போனால் இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்.

களிக்கு இங்கே இரண்டாவது வேலையும் இருக்கிறது. உயிர்ப்பொருள் நீரைவிடக் கொஞ்சம்தான் கனம், களி இரண்டரை மடங்குக்கும் மேல். திரளுக்குள் களி சேர்ந்தால் அது எடைக்கல் கட்டியது போலாகிறது. 1987இலிருந்து வங்காள விரிகுடாவில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜேர்மனியின் ஹம்பேர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து வீழ்துகள் பொறிகளை இறக்கின. வாய் அகன்ற பெரிய கூம்பு ஒன்றை ஆழத்தில் நங்கூரமிட்டுக் கட்டிவிடுவார்கள். அடியில் சுழலும் தட்டில் குப்பிகள் வரிசையாக இருக்கும். குறித்த நாட்களுக்கு ஒருமுறை தட்டு திரும்பி அடுத்த குப்பி வாய்க்கு நேரே வரும். மேலேயிருந்து விழுந்ததெல்லாம் திகதிவாரியாகப் பிரிந்து சேரும். வேணுகோபாலன் இத்தேக்கோட், ஆர். ஆர். நாயர் முதலானோர் 1991இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. ஆறுகள் பெருகும் காலத்தில் ஆழத்துக்கு விழும் துகள்களும் பெருகின. அரபிக்கடலைவிட மிகக் குறைந்த விளைச்சலுள்ள கடல், ஆழத்துக்கு அனுப்பும் காபனில் அதோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. ஆறு கொண்டுவந்த மண் உயிர்ப்பொருளின் மேல் ஏறிக்கொண்டு அதைக் கீழே இழுத்துப் போகிறது.

இப்போது டிட்வாவின் மழையை நினைத்துப் பாருங்கள். மலைநாட்டின் சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டு வெள்ளம் இறங்கியது. மகாவலி கடலில் கலப்பது கொட்டியாரக் குடாவில். அந்தக் குடாவுக்கு நேர் வெளியேதான் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிகக் கிட்ட வந்து, செங்குத்தாக ஆழ்கடலுக்கு இறங்குகிறது. தேயிலை மலைகளில் கரைந்த மண்ணுக்கு ஆழ்கடலுக்குப் போக இதைவிடக் குறுக்குவழி கிடைக்காது. நிலத்தின் மேல் சுழன்ற புயலும் கடலின் துகள் மழையைப் பெருக்கும் என்பதை இந்தப் புவியியல் காட்டுகிறது.

புயலுக்குப் பிறகு ஆழத்தில் என்ன வந்து விழுகிறது என்பதை நேரே பிடித்துப் பார்த்தது பெர்முடாவில்தான். அத்திலாந்திக் சமுத்திரத்தில் அந்தத் தீவுக்கு அருகே 1978இலிருந்து இன்றுவரை பொறிகள் இருக்கின்றன: 500, 1,500, 3,200 மீற்றர் ஆழங்களில். 2016 ஒக்டோபர் 13ஆம் திகதி ‘நிக்கோல்’ சூறாவளி பெர்முடாவைக் கடந்தது. இரண்டு வாரத்துக்குள் 3,200 மீற்றர் ஆழத்துப் பொறியில், இன்னும் அழுகாத புதிய பிளாந்தனுக்கே உரிய கொழுப்புப் பொருள்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு விழுந்திருந்தன. நாளுக்கு 200 மீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால்தான் இது முடியும். வழக்கமாக ஆழத்துக்குப் போய்ச்சேர்வது மீண்டும் மீண்டும் தின்னப்பட்டுச் சத்திழந்த மிச்சம். புயல் அனுப்பியது பச்சை உணவு. ஆழ்கடல் தரையில் வாழ்வனவற்றுக்கு அது கிடைத்தற்கரிய விருந்து. இத்தகைய பொறி ஒன்றை முல்லைத்தீவுக்குக் கிழக்கே இறக்கி, பத்து மாரிகாலம் அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புயல் வரும் பாதை இவ்வளவு ஒழுங்காகத் தெரிந்த, ஆறும் ஆழமும் இவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கும் கடல்கள் உலகில் அதிகம் இல்லை.

இனி மேற்குப் பக்கம். அங்கே கீழிருந்து உறிஞ்ச ஆழ்நீரே இல்லை. புயல் அங்கே தரையையே கிளறுகிறது. அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை எட்டும். ஆறு செக்கனுக்கு ஒருமுறை வரும் சாதாரண வாடைக்கால அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 56 மீற்றர், அதில் பாதி 28. பத்து மீற்றர் ஆழமுள்ள பாக்குநீரிணையின் தரையை அந்த அலையே தொட்டுவிடும். புயலின் அலை சேற்றைப் பெயர்த்து எறியும். சேற்றுக்குள் பல மாதமாக அழுகியவற்றால் ஊறிய அமோனியமும் பொசுபேற்றும் ஒரே இரவில் நீரில் கலக்கும். அதோடு, பாதகமான காலத்தில் தடித்த உறை போர்த்தித் தூங்கும் தாவரப் பிளாந்தனின் உறங்குகலங்களும் விழித்தெழ வெளிச்சத்துக்கு வருகின்றன.

ஆனால் உடனே எதுவும் வளராது. கலங்கல் நீரில் ஒளி ஒரு முழம்கூட இறங்காது. பாக்குநீரிணையில் புயலுக்குப் பிறகு செய்மதி பச்சையாகவோ பழுப்பாகவோ காட்டுவதில் பெரும்பங்கு சேறும் இலைச்சாறும்தான். மண் படியத் தொடங்கி ஒளி உள்ளே போன பிறகே பிளாந்தன் பெருகும். அடுத்தடுத்த வாரங்களில் அதைத் தின்னும் விலங்குப் பிளாந்தன் பெருகும். கூனியும் இறால் குஞ்சும் அதற்குப் பின்னால் வரும். புயலுக்குப் பிந்திய முதல் வாரத்தில் கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு வலை நிறையச் சாதாளையும் சேறும் கிடைப்பதன் காரணம் இந்த இடைவெளிதான். வலை இழந்து, வள்ளம் உடைந்து நிற்கிற வீட்டுக்கு அந்த இடைவெளி மிக நீளம். இழப்பீட்டுக் கணக்கில் இந்த வாரங்களும் சேர்க்கப்பட வேண்டும்.

குடாநாட்டில் பேராறு இல்லை. அளவெட்டிப் பக்கமிருந்து அராலிக்கு வரும் வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஆனால் சுண்ணாம்புக்கல் நிலம் உள்ளுக்குள் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் மழை கீழே இறங்கி நிலத்தடியாகவே கடலுக்குப் போகிறது. கீரிமலைக் கேணியில் கடலை ஒட்டி நன்னீர் ஊறுவது அதனால்தான். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் வயல்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று அந்த நீரோடு போகிறது. நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கான வரம்பை மீறியிருப்பது பல ஆய்வுகளில் வந்த செய்தி. நிஷா போன்ற ஒரு மழை அந்த இருப்பைக் கழுவி வெளியே தள்ளும். நாம் தோட்டத்துக்கு இட்ட உரத்தைக் கரையோரப் பிளாந்தன் தின்கிறது.

தெற்கே கனகராயன் ஆறு இரணைமடுவிலிருந்து கடல்நீரேரிக்குள் இறங்குகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியை மூழ்கடித்த வெள்ளம் போல ஒன்று வந்தால், ஆனையிறவுக்குக் கிழக்கே உள்ள நீரேரி சில நாட்களில் நன்னீராகிவிடும். உப்பு வேண்டிய பிளாந்தன் சாகும், உப்பு வேண்டாதது பெருகும். வேலணை, ஊர்காவற்றுறை, பூநகரிப் பக்கங்களில் வலையடைத்துக் கடலட்டை வளர்ப்பவர்களுக்கு இதே வெள்ளம் இரண்டு முகம் காட்டுகிறது. உப்பு மிகக் குறைந்தால் அட்டை தோல் உரிந்து செத்துப்போகும். உப்பு தாங்கும் அளவில் நின்றால் அடுத்த மாதங்களில் அதற்கு நல்ல தீன். அட்டை தரையில் ஊர்ந்து, சேற்றை வாய்நிறைய அள்ளி, அதில் படிந்த பிளாந்தனையும் பற்றீரியாக்களையும் செரித்து, சுத்தமான மணலைப் பின்னால் விட்டுப்போகும் உயிர். ஆழ்கடலில் இரண்டு மாதம் விழுந்து சேரும் உணவு அதற்குப் பத்து மீற்றரில், ஒரே நாளில் கிடைக்கிறது. அடுத்த வாடையில் அலை மறுபடி கிளற, அட்டை விட்டுப்போன உரம் மறுபடி நீருக்கு வரும். ஆழம் குறைந்த கடலில் எதுவும் தொலைவதில்லை.

கிழக்கே கணக்கு வேறு. அங்கே புயல் மேலே இழுத்த நீரில் உரம் மட்டுமல்ல, கரைந்த காபனீரொட்சைட்டும் இருக்கிறது. கடுங்காற்று அதை வளிமண்டலத்துக்குள் பிரித்துவிடுகிறது. 1995இல் பெர்முடாவுக்கு அருகே ‘ஃபெலிக்ஸ்’ கடந்தபோது கடலிலிருந்து இந்த வாயு கணிசமாக வெளியேறியது அளந்து பதிவாகியிருக்கிறது. ஆகவே புயல் பிளாந்தனை வளர்த்து வளியைச் சுத்தமாக்குகிறது என்று ஒரு வரியில் சொல்வது பொய். மேலே கொண்டுவந்த காபனுக்கும் கீழே அனுப்பிய காபனுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். அந்த மிச்சத்தைப் பெருக்குவது வேகமாக விழும், களி ஏறிய துகள்.

துகள் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது இன்னொரு பெரிய விடயத்தையும் தீர்மானிக்கிறது. விரிகுடாவில் ஏறத்தாழ 100 மீற்றருக்கும் 1,000 மீற்றருக்கும் நடுவே ஒட்சிசன் ஏறக்குறைய அற்ற நீர் அடுக்கு ஒன்று இருக்கிறது. துகள்கள் மெதுவாக இறங்கினால் அங்கேயே அழுகி எஞ்சிய ஒட்சிசனையும் குடித்துவிடும். அரபிக்கடலில் அதுதான் நடக்கிறது. அங்கே ஒட்சிசன் தீர்ந்ததும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றையே மூச்சுக்குப் பயன்படுத்தி நைதரசன் வாயுவாக்கிக் கடலிலிருந்து வெளியேற்றுகின்றன. விரிகுடா இதுவரை அந்த எல்லையைத் தாண்டவில்லை. லோரா பிரிஸ்டோவும் உடனாய்வாளர்களும் 2017இல் காட்டியபடி, அளவிடவே கடினமான மிகச் சிறு ஒட்சிசன் அங்கே மிச்சமிருந்து அந்த மாற்றத்தைத் தடுத்து நிற்கிறது. ஆற்றுமண் துகள்களை அந்த அடுக்கு வழியாக விரைந்து இறக்கிவிடுவது அந்த மிச்சத்தைக் காக்கும் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கடல் வெப்பமாகும்போது புயல் கொட்டும் மழை கூடும் என்பதில் அறிவியலாளர்களுக்கு ஐயமில்லை. மழை கூடினால் மேலே நன்னீர்ப் படலம் தடித்து உரம் ஏறுவது குறையும், ஆற்றுமண் பெருகித் துகள் விரைந்து இறங்கும். புயல் வலுத்தால் படலம் உடைந்து உரம் ஏறும், பிளாந்தன் பெருகி அந்த நடு அடுக்குக்குள் கூடுதலாக விழும். இந்த இரண்டில் எது வெல்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்தச் சிறு ஒட்சிசன் தப்பும் அல்லது தீரும். தீர்ந்தால் நைத்திரேற்று வாயுவாகிப் போகத் தொடங்கும். முல்லைத்தீவுக்குக் கிழக்கே ஒரு புயல் நின்று சுழன்று மேலே இழுப்பது, அந்த அடுக்கின் மேல் விளிம்பில் கிடக்கும் அதே நைத்திரேற்றைத்தான்.